போறேன்னு சொன்ன நாத்தனார்

எனக்கு யாரையும் நம்புற பழக்கம் கிடையாது. பிறவிக் குணம் பாதி, பார்க்கிற வேலை பாதி. பெரிய கடை ஒண்ணுல, ஜனங்க வெளியே போற வாசல்ல நிக்கிறவ நான். பையை வாங்கி, பில்லோட ஒத்துப் பார்த்து, சீல் குத்தி அனுப்பணும். சிரிச்சுக்கிட்டே வர்றவங்களை இன்னொரு தடவை கூடப் பார்ப்பேன். "எங்களைப் பார்த்தா திருடங்க மாதிரி இருக்கா?"ன்னு ஒருத்தர் சண்டைக்கு வந்தார். "திருடன் மாதிரி இருக்கிறவன் திருட வரமாட்டான் சார், பையைக் காட்டுங்க"ன்னேன். வெளுத்ததெல்லாம் பால்னு நினைக்கிறவங்களுக்கு அந்த வாசல்ல வேலை இல்ல.

அப்படிப்பட்ட என்னைப் போய் என் நாத்தனார் தனக்காகப் பேசுற ஆளாத் தேர்ந்தெடுத்தாங்க. பெத்த பிள்ளை மாதிரி வளர்த்த தம்பி இருக்கும்போது, அவனை விட்டுட்டு அவன் பெண்டாட்டியை. இதுல ஏதோ உள்குத்து இருக்குன்னுதான் எனக்கு முதல்ல தோணிச்சு.

நாத்தனார்னா என் வீட்டுக்காரருக்கு அக்கா. நான் அண்ணின்னு கூப்பிடுவேன். பல்செட் செய்யறது அவங்க தொழில். பல் டாக்டருங்க அச்சு எடுத்து அனுப்புவாங்க, இவங்க லேப்ல உட்கார்ந்து மெழுகுல வரிசை கட்டி, ஒவ்வொரு பல்லா நட்டு, இழைச்சு, பளபளன்னு ஆக்கி அனுப்புவாங்க. லேபுக்கு ஒரு தடவை போயிருக்கேன். மேசை, சுவிட்சு, டீ கிளாசு எல்லாத்து மேலயும் அச்சு வார்க்கிற மாவோட தூசி. அலமாரி பூரா வெள்ளை வெள்ளையா வாய்கள், ஒவ்வொண்ணுலயும் பேர் எழுதின சீட்டு. ஒரு தெருவே பேசாம உட்கார்ந்திருக்கு. எனக்கு அங்கே நிக்கவே பிடிக்கல. அண்ணிக்கு அதுதான் சொர்க்கம். ரோட்டுல போறப்போ திடீர்னு என் கையை இடிப்பாங்க. "அதோ போறாரே, மேல் வரிசை என்னுது" அப்படிம்பாங்க.

கல்யாணம் பண்ணிக்கல. ஏன்னு கேட்டா, "ஊர்ப் பல்லெல்லாம் பார்த்தாச்சு, ஒருத்தன் பல்லையே காலம் பூரா பார்த்துக்கிட்டு இருக்கணுமா?"ன்னு சிரிப்பாங்க. எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்தாங்க. எனக்கும் அவங்களுக்கும் பெரிய சண்டையும் கிடையாது, பெரிய ஒட்டுதலும் கிடையாது. நான் கடையிலேர்ந்து வந்து பையை வெச்சா, "இன்னைக்கு எத்தனை பேரைச் சந்தேகப்பட்டே?"ன்னு கேட்பாங்க. நான், "உங்களையும் சேர்த்தா அண்ணி?"ன்னு கேட்பேன். எங்க உறவு அவ்வளவுதான்.

அந்த வீட்டுல ஒரு சட்டம் உண்டு. யாரும் 'போறேன்'னு சொல்லக் கூடாது. எல்லார் வீட்டுலயும் அது வழக்கம்தான். வெளியே கிளம்பினா 'வரேன்' அல்லது 'போயிட்டு வரேன்'. ஆனா இவங்க வீட்டுல அது வெறும் வழக்கம் இல்ல. என் மாமனார் ஒரு நாள் மத்தியானம், வாசல்ல விளையாடிக்கிட்டிருந்த பையன்கிட்ட, "நான் போறேன்டா"ன்னு சொல்லிட்டுக் கிளம்பினாராம். பையன் தலையைக்கூட நிமிர்த்தாம "சரிப்பா"ன்னானாம். சாயங்காலம் ஏரியிலேர்ந்து தூக்கிட்டு வந்தாங்க. அந்தப் பையன்தான் என் வீட்டுக்காரர். இப்ப ஃப்ரிட்ஜ் மெக்கானிக், தலை நரைச்ச மனுஷன். இன்னைக்கும் போன்ல யாராவது 'சரி, நான் போறேன்'னு வெச்சா, திரும்பக் கூப்பிட்டு, "என்ன சொன்னே, வரேன்னு சொல்லு"ன்னு வம்பு பண்ணுவார்.

இது இருக்கட்டும். அண்ணிக்குத் தூக்கம் போச்சு. முதல்ல நான் கவனிக்கல. அப்புறம் சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பி வர ஆரம்பிச்சது. ஒரு நாள் துணி மடிச்சுக்கிட்டிருந்தாங்க, கன்னத்துல கண்ணீர் ஓடுது, முகத்துல ஒரு சுளிப்புகூட இல்ல. "என்ன அண்ணி?"ன்னா, "தெரியல"ன்னாங்க. காரணம் இல்லாம யாராவது அழுவாங்களா? என் புத்தி உடனே பையைத் துழாவ ஆரம்பிச்சது. முதல்ல ஏதாவது ஆம்பளை விவகாரமோன்னு பார்த்தேன். அப்புறம் லேப் முதலாளி மேல திரும்பினேன். வேலையிலேர்ந்து தூக்கப் பார்க்கிறானோன்னு நேராவே போய்க் கேட்டேன். அந்த ஆளுக்கு வேர்த்துக் கொட்டுச்சு. "அவங்க இல்லேன்னா லேபையே மூடணும்மா, நான் ஏன் தூக்கறேன்?"ன்னார். வேர்த்ததை நான் மறக்கல, அவர் சொன்னதை நம்பவும் இல்ல.

அப்புறம் நடந்ததுதான் திருப்பம். ஒரு பெரியவர் புதுப் பல்செட்டோட லேபுக்கே வந்துட்டார். "வாயை மூடவே முடியலம்மா"ன்னார். பார்த்தா, கீழ் வரிசைக்கு வைக்க வேண்டிய பல்லை மேலேயும், மேல் வரிசைப் பல்லைக் கீழேயும் நட்டு வெச்சிருக்காங்க அண்ணி. யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்லி லேபே சிரிச்சுதாம், பெரியவர் உட்பட. அண்ணி சிரிக்கல. வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து, "எனக்கு உடம்பு சரியில்ல. மனசுதான். நானே போய் மனநல ஆஸ்பத்திரியில சேர்ந்துக்கறேன்"ன்னாங்க.

ஐயோ சாமி! தன் காலால நடந்து போய் அந்த ஆஸ்பத்திரியில யாராவது சேருவாங்களா? உள்ளே போறது சுலபம், வெளியே வர்றதுதான் கஷ்டம்னு வாசல்ல நிக்கிறவளுக்குத் தெரியாதா? ஆழம் தெரியாம காலை விடாதீங்க அண்ணின்னு எவ்வளவோ சொன்னேன். அவங்க கேக்கல.

இதுக்கு நடுவுல வீட்டுல இன்னொண்ணு. மாடி ரூம்ல உள்பக்கத் தாழ்ப்பாளைக் காணோம். மாடி பாத்ரூம்லயும் காணோம். "என்னங்க, தாழ்ப்பாள் எங்கே?"ன்னேன். "துருப்பிடிச்சுப் போச்சு, மாத்தணும்"னார் இவர், என் முகத்தைப் பார்க்காம. ரெண்டு நாள் கழிச்சு ரூம் ஃபேனும் இல்ல. "காயில் போச்சு"ன்னார். இவர் டூல்ஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன். துணியில சுத்தி, ரெண்டு தாழ்ப்பாள். துருவாவது ஒண்ணாவது, பளிச்சுன்னு இருந்தது. மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்? அக்கா அந்தப் பக்கம் போனதும் ரூமைப் புதுப்பிச்சு வாடகைக்கு விடப் பார்க்கிறார்னு முடிவு பண்ணிட்டேன். வாயைத் திறக்கல. கையும் களவுமாப் பிடிக்கணும்னு காத்திருந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் நல்ல மாதிரிதான் பேசினார், அதுவே எனக்குப் பிடிக்கல. "நீங்களா விருப்பப்பட்டு சேர்றீங்க. என்ன மருந்து, எதுக்கு மருந்துன்னு கேட்கலாம். வேண்டாம்னும் சொல்லலாம். போகணும்னு தோணிச்சுன்னா எழுதிக் கொடுங்க, விட்டுடுவோம்"னார். நான் குறுக்கே புகுந்தேன். "எழுதிக் கொடுத்தா உடனே கதவைத் திறப்பீங்களா டாக்டர்?" அவர் படிவத்தைப் புரட்டிக்கிட்டே, "பெரும்பாலும்"னார். அந்த 'பெரும்பாலும்'ங்கற வார்த்தையை நான் முடிச்சுப் போட்டு வெச்சுக்கிட்டேன். அண்ணி கையெழுத்துப் போட்டாங்க.

நர்ஸ் பையைச் சோதிச்சாங்க. எனக்கே கொஞ்சம் பெருமையா இருந்தது, நல்லாத்தான் சோதிச்சாங்க. சார்ஜர் ஒயர், கண்ணாடி, துப்பட்டா எல்லாம் தனியா போச்சு. அடியிலேர்ந்து ஒரு கத்தி வந்தது. மெழுகு செதுக்கற கத்தி. ஸ்பூன் மாதிரி மொக்கையா இருக்கும், வெண்ணெய்கூட ஒழுங்கா வெட்டாது. முப்பது வருஷமா அது அவங்க பையிலேயே கிடக்குது. "இது என் தொழில் சாமான்மா"ன்னாங்க அண்ணி. நர்ஸ் தலையாட்டிட்டு, 'கத்தி' அப்படின்னு எழுதிக்கிட்டாங்க.

சொன்னா நம்பமாட்டீங்க, அண்ணி தேற ஆரம்பிச்சாங்க. போகப் போக தூக்கம் வந்தது. நாங்க பார்க்கப் போற ஒவ்வொரு தடவையும் முகத்துல இன்னும் கொஞ்சம் தெளிவு. பக்கத்துப் படுக்கை அம்மாவோட கடைவாய்ப் பல் சொத்தைன்னு கண்டுபிடிச்சு, நர்ஸ்கிட்ட சண்டை போட்டு பல் டாக்டரை வரவழைச்சிருந்தாங்க. "இங்கே எல்லாம் பரவாயில்ல, பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததுதான் மானத்தை வாங்குது"ன்னாங்க. தம்பி முகம் மாறிச்சு. நான் அதையும் குறிச்சுக்கிட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமைதான் எல்லாம் நடந்தது. பார்வையாளர் ஹால்ல மூணு பேரும் உட்கார்ந்திருக்கோம். இவர் உற்சாகமா, "அக்கா, டாக்டர் சீக்கிரம் விட்டுடலாம்னார். வீட்டுல எல்லாம் ரெடி பண்ணிட்டேன், வந்துடு"ன்னார்.

அண்ணி தம்பி கையைப் பிடிச்சு வெச்சுக்கிட்டாங்க. அப்புறம், "இல்லடா. நான் வீட்டுக்கு வரல. நாளைக்கு எழுதிக் கொடுத்துட்டு நான் போறேன்"ன்னாங்க.

"அப்படிச் சொல்லாதேக்கா. வரேன்னு சொல்லு."

"வரலைன்னுதானே சொல்றேன், அப்புறம் எப்படி வரேன்னு சொல்றது? போறேன்டா."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் இவர் முகத்துல ரத்தமே இல்ல. அதே வார்த்தை, அதே 'டா'. மேல பேசறதுக்குள்ள பார்வை நேரம் முடிஞ்சதுன்னு மணி அடிச்சுட்டாங்க. அண்ணியை உள்ளே அழைச்சுட்டுப் போயிட்டாங்க. நான் செருப்பு மாட்டிக்கிட்டுத் திரும்பினா, இவரைக் காணோம். டாக்டர் ரூம் கதவுக்குப் பின்னால இவர் குரல் உடைஞ்சு உடைஞ்சு கேக்குது.

அன்னைக்கே அண்ணியை வேற வார்டுக்கு மாத்திட்டாங்க. பூட்டு போட்ட வார்டு. மறுநாள் அண்ணி எழுதிக் கொடுத்தது செல்லல. தானா வந்தவங்க, இப்ப சம்மதம் இல்லாம வைக்கப்பட்டவங்க ஆயிட்டாங்க. 'பெரும்பாலும்'னு சொன்னாரே, இதுதான் அதோட மிச்சம்.

நான் வீட்டுல இவரைப் பிடி பிடின்னு பிடிச்சுக்கிட்டேன். "ரூமை வாடகைக்கு விடறதுக்குத்தானே இவ்வளவும்? தாழ்ப்பாளை எடுத்தீங்க, ஃபேனை எடுத்தீங்க, இப்ப ஆளையே உள்ளே தள்ளிட்டீங்க! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்க்கறீங்களா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே. டூல்ஸ் பெட்டியைத் தூக்கிட்டு வந்து என் முன்னாடி கவுத்தார். தாழ்ப்பாள் ரெண்டும் தரையில உருண்டுச்சு. "வாடகையா? அவ தூங்காம இருந்தப்போ நான் மட்டும் தூங்கினேன்னு நினைச்சியா? உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா நான் எப்படிடி கதவைத் திறப்பேன்? ஃபேனை எதுக்கு எடுத்தேன்னு என் வாயால சொல்லணுமா? அப்பா சொன்னப்போ சரின்னேன். அக்கா சொன்னா நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

அப்புறம் குழந்தை மாதிரி அழுதார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷனை இப்படியா நினைச்சேன்னு வெட்கமா இருந்தது. ஆனா சந்தேகம் போகல, இடம்தான் மாறிச்சு. இவர் பயந்தது சரியா இருந்தா? அண்ணி அந்த அர்த்தத்துலதான் சொல்லியிருந்தா?

மறுநாள் கடைக்கு எனக்குப் போன் வந்தது. ஆஸ்பத்திரியில இருக்கிற சோஷியல் ஒர்க்கர் பொண்ணு. தேன் மாதிரி குரல், எனக்கு உடனே சந்தேகம். "அவங்களுக்கு விருப்பமில்லாம வெச்சிருக்கிறதால, அதை எதிர்த்து முறையிட அவங்களுக்கு உரிமை உண்டு. மறுஆய்வுக் குழு வந்து நேர்ல கேட்கும். தனக்காகப் பேச ஒருத்தரை அவங்களே தேர்ந்தெடுக்கலாம். உங்களைச் சொல்லியிருக்காங்க"ன்னுச்சு.

"தம்பி இருக்காரே?"

"தம்பி வேண்டாமாம். நீங்கதான் வேணுமாம்."

"நான் சரின்னா, பின்னால அவங்களுக்கு ஏதாவது ஆனா என் தலையில விழுமா?"

அந்தப் பொண்ணு சிரிச்சுது. "அவங்க சொல்ல நினைக்கிறதைச் சொல்ல உதவறதுதான் உங்க வேலை. முடிவு எடுக்கிறது குழு." சிரிச்சதைத் தவிர வேற குத்தம் சொல்ல முடியல.

பூட்டு வார்டுக்குப் போனேன். கதவு திறந்தது, எனக்குப் பின்னால பூட்டிச்சு. அந்தச் சத்தம் முதுகுல அறைஞ்சுது. தினம் நூறு பேரை வாசல்ல நிறுத்தறவ, முதல் தடவையா நிறுத்தப்பட்டேன். அண்ணி ஜன்னல் ஓரமா நாற்காலியில இருந்தாங்க. போனை வாங்கி வெச்சிருந்தாங்களாம். வெளியே பேச எனக்கு உரிமை இருக்குன்னு சண்டை போட்டு, தினமும் கொஞ்ச நேரம் திரும்ப வாங்கியிருக்காங்க.

"எதுக்கு அண்ணி என்னைப் போய்...?"ன்னேன்.

"நீ யாரையும் நம்ப மாட்டே. அதுதான் எனக்கு வேணும். தம்பிக்கு என்னைப் பார்த்தா பாவமா இருக்கு, டாக்டருக்குப் பயமா இருக்கு. பாவம்னு நினைக்கிறவங்களும் பயப்படறவங்களும் சேர்ந்துதான் பூட்டறாங்க. நீ டாக்டரையும் நம்ப மாட்டே, தம்பியையும் நம்ப மாட்டே."

"உங்களையும்தான் நம்ப மாட்டேன்."

"அப்ப கேளு, என்ன கேக்கணுமோ."

சுத்தி வளைக்கல. "சாகணும்னு இருக்கா அண்ணி?"

பக்கத்துல ஒரு அம்மா திரும்பிப் பார்த்தாங்க. அண்ணி கண்ணை எடுக்காம சொன்னாங்க. "இருந்துச்சு. அதனாலதான் நானா நடந்து வந்தேன். எங்க அப்பாவுக்கு அப்படி நடந்து வர ஒரு இடம் இல்ல. இப்ப அந்த எண்ணம் இல்ல. நாளைக்கு மறுபடி வரலாம், எனக்குத் தெரியாது. வந்தா மறுபடி நானா இங்கே வருவேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. தானா வந்தவளைப் பூட்டி வெச்சாங்கன்னா, அடுத்த தடவை நான் வரமாட்டேன்."

"அப்புறம் எங்கே போறேன்னு சொன்னீங்க?"

"லேபுக்கு மேல ஒரு ரூம் காலியா இருக்கு. முதலாளிகிட்ட போன்ல கேட்டுட்டேன். உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்காம்." பாத்ரூம் பக்கம் கை காட்டினாங்க. "உங்க வீட்டுலயும் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல, இங்கேயும் இல்ல. குளிக்கறப்போகூட யாராவது எட்டிப் பார்ப்பாங்களோன்னு பாட்டு பாடிக்கிட்டே குளிக்கிறேன். இந்த வயசுல எனக்கு ஒரு கதவு வேணாமா?"

நான் அதையும் நம்பிடல. நேரா லேபுக்குப் போனேன். மாடி ரூமைத் திறக்கச் சொன்னேன். தாழ்ப்பாளைப் போட்டு, எடுத்து, திரும்பப் போட்டுப் பார்த்தேன். முதலாளியைக் குடைஞ்சேன். அவருக்கு மறுபடியும் வேர்த்துது. கடைசியிலதான் தெரிஞ்சது, அந்த மனுஷனுக்கு எப்பவுமே வேர்க்கும். அண்ணி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஒத்துப் போச்சு. ஒரே ஒரு வார்த்தைதான் யாரும் ஒத்துப் பார்க்க முடியாதது. மனசுக்குள்ள இருக்கிறதுக்கு எந்த பில்லும் கிடையாது.

குழு வந்த அன்னைக்கு ஆஸ்பத்திரி மீட்டிங் ரூம்ல உட்கார்ந்தோம். ஒரு ரிட்டயர்டு ஜட்ஜம்மா, வேற ஊர் டாக்டர் ஒருத்தர், இன்னொருத்தர் ரொம்பக் காலம் முன்னாடி இதே மாதிரி ஒரு வார்டுல இருந்து வெளியே வந்தவராம். எதிர்ல எங்க டாக்டர். அண்ணி வெளுத்துப் போய், ஆனா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாங்க. இவர் மூலையில.

டாக்டர் ஃபைலைப் படிச்சார். வரும்போது கத்தி வெச்சிருந்தார், குடும்பத்துல தற்கொலை உண்டு, 'போறேன், வரமாட்டேன்' என்று தம்பியிடம் கூறினார். நான் பையிலேர்ந்து லேப்ல வாங்கிட்டு வந்த இன்னொரு மெழுகுக் கத்தியை எடுத்து மேசையில வெச்சேன். "இதுதாங்க அந்தக் கத்தி. தொட்டுப் பாருங்க, ஒண்ணும் ஆகாது." வார்டுல இருந்தவர் எடுத்துத் தன் விரல்ல தேய்ச்சுப் பார்த்துட்டு, ஒரு மாதிரி சிரிச்சார். அப்புறம் இவரைப் பார்த்து, "அக்கா என்ன சொன்னாங்களோ அதை அப்படியே சொல்லுங்க"ன்னார்.

இவர் எழுந்து நின்னார். "'நான் வீட்டுக்கு வரல. எழுதிக் கொடுத்துட்டு நான் போறேன்'னாங்க."

"ஃபைல்ல 'வீட்டுக்கு' இல்லையே?"ன்னார் அவர்.

எனக்கு வாய் நிக்கல. "அதாங்க! பில்லுல ஒரு சாமானை விட்டுட்டாங்க. வீட்டுக்கு வரலைன்னு சொல்றது வேற, வரலைன்னு சொல்றது வேற இல்லையா?"

டாக்டர் கோவப்படல. "உண்மைதான், விட்டுப் போச்சு. ஆனா அந்த வார்த்தை இருந்திருந்தாலும் அன்னைக்கு நான் இதையேதான் செஞ்சிருப்பேன். என் ரூம்ல தம்பி அப்படி அழறப்போ, நான் விட்டுட்டு, அடுத்த நாள் ஏதாவது ஆகியிருந்தா?"ன்னார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்ல வாயெடுத்தேன். ஆனா அந்த மனுஷன் நெஜமாத்தான் பயந்திருக்கார்னு தெரிஞ்சது. அடக்கிக்கிட்டேன்.

அண்ணிகிட்ட கேட்டாங்க. என்கிட்ட சொன்னதையே வார்த்தை பிசகாம சொன்னாங்க, அப்பாவைப் பத்தியும் சேர்த்து. தம்பியைத் திரும்பிப் பார்த்து, "உன் மேல கோவம் இல்லடா. ஆனா நீ என்னைக் காப்பாத்தணும்னு என் கதவுத் தாழ்ப்பாளைக் கழட்டினே பாரு, அதுல என்னால மூச்சு விட முடியல"ன்னாங்க. ஜட்ஜம்மா என் பக்கம் திரும்பினாங்க. "நீங்க என்ன சொல்றீங்க? அவங்களை நம்பறீங்களா?"

எல்லாரும் என்னைப் பார்க்கிறாங்க. இவர் கண்ணுல 'வேண்டாம்னு சொல்லு'ன்னு கெஞ்சல். அண்ணி தரையைப் பார்க்கிறாங்க. நம்பறேன்னு ஒரு வார்த்தை சொன்னா காரியம் முடிஞ்சுது. வாய் வரல.

"நம்பலைங்க. நம்பறது எனக்கு வராது"ன்னேன். அண்ணி தலை நிமிரல. "ஆனா இவங்களுக்கு உடம்பு முடியாதப்போ தானா ஒரு வாசலைத் தேடி வந்தாங்க. அந்த வாசல் திரும்பத் திறக்கும்னு தெரிஞ்சாத்தான் மறுபடி வருவாங்க. இன்னைக்கு அடைச்சீங்கன்னா, தப்பா ஏதாவது நடக்கற நாள்ல இவங்க வேற எங்கேயாவது போவாங்க. அனுப்புங்க. மருந்து எடுக்கறாங்களா, டாக்டர்கிட்ட வர்றாங்களான்னு வாரா வாரம் நான் போய்ப் பார்க்கிறேன். சந்தேகத்தோடதான் பார்ப்பேன். விடமாட்டேன்."

எங்களை வெளியே உட்கார வெச்சாங்க. இவர் என் பக்கத்துல உட்காரல. அப்புறம் கூப்பிட்டுச் சொன்னாங்க: வைக்கறதுக்குப் போதுமான காரணம் இல்ல, அவங்க போகலாம், மருந்தும் வெளி நோயாளி சிகிச்சையும் அவங்க சம்மதத்தோட தொடரும். அண்ணி அங்கேயே உட்கார்ந்து அழுதாங்க. இந்தத் தடவை முகமெல்லாம் கோணி, சத்தம் போட்டு அழுதாங்க. எனக்கு அதைப் பார்க்க நல்லா இருந்தது.

இவர் என்னோட மூணு நாள் பேசல. நாலாவது நாள் டூல்ஸ் பெட்டியைத் தூக்கிட்டு மாடிக்குப் போனார். அக்கா வராத ரூம்ல தாழ்ப்பாளைத் திரும்பப் பொருத்தினார், பாத்ரூம்லயும். ஃபேனை மாட்டினார். கீழே வந்து, "எண்ணெய் போட்டிருக்கேன், சத்தம் வராது"ன்னார். அவ்வளவுதான் பேசினார்.

வாக்குக் கொடுத்த மாதிரி நான் வாரா வாரம் லேப் மாடிக்குப் போறேன். கூட இவரும் வருவார், சில நாள் கீழேயே முதலாளியோட நின்னுடுவார். நான் மாத்திரை அட்டையைப் பார்ப்பேன், குப்பைக் கூடையைக்கூடப் பார்ப்பேன். "சோதனை முடிஞ்சுதா? சீல் குத்தறியா?"ன்னு அண்ணி கையை நீட்டுவாங்க. சிரிப்பாங்க. சிரிச்சுக்கிட்டே வர்றவங்களை நான் இன்னொரு தடவை பார்க்கிறவளாச்சே. வீட்டுக்கு வந்தா அந்தச் சிரிப்பையே நினைச்சுக்கிட்டு இருப்பேன். நெஜமா, இல்ல எனக்காகவா? எதை வெச்சு ஒத்துப் பார்க்கறது?

போன வாரம் ஒரு வேலை பண்ணினேன். வேணும்னேதான் பண்ணினேன், மறைக்கல. அண்ணி ஜன்னல் ஓரமா உட்கார்ந்து யாருக்கோ மேல் வரிசை நட்டுக்கிட்டிருந்தாங்க, கையெல்லாம் மெழுகு. நான் பையைத் தோள்ல மாட்டினேன். செருப்பு போட்டேன். கதவுகிட்ட நின்னு, திரும்பிப் பார்க்காம, சாதாரணமாச் சொன்னேன்.

"சரி அண்ணி, நான் போறேன்."

பின்னால நாற்காலி தடால்னு விழுந்தது. நடறதுக்கு எடுத்து வெச்சிருந்த பல்லெல்லாம் தரையில சிதறிச்சு. நான் திரும்பறதுக்குள்ள என் மணிக்கட்டை அவங்க பிடிச்சுட்டாங்க. மெழுகுக் கை, சூடா இருந்தது. முகத்துல அப்படி ஒரு பயம். அன்னைக்கு அந்த ஹால்ல இவர் முகத்துல பார்த்தேனே, அதே பயம்.

"என்னடி சொன்னே? யாரைப் பார்த்து என்ன வார்த்தை சொல்றே? அறிவிருக்கா உனக்கு? வரேன்னு சொல்லு!"

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. சாகணும்னு நினைக்கிறவளுக்கு அடுத்தவ போயிடுவாளேன்னு இவ்வளவு பயம் வராது. இது போதும்னு தோணிச்சு.

"வரேன் அண்ணி"ன்னேன்.

"இன்னொரு தடவை சொல்லு."

"போயிட்டு வரேன்."

"வா"ன்னாங்க. அதுக்கப்புறம்தான் கையை விட்டாங்க.